இரண்டு வேகன்களுக்கு நடுவே

ரம்பத்தை அழுத்தக் கூடாது. அதன் எடையிலேயே அது இறங்க வேண்டும், அழுத்தினால் பிளாஸ்டிக் சூடேறி இளகி வெட்டின வாயிலேயே திரும்ப ஒட்டிக்கொள்ளும், போன வாரம் அப்படித்தான் ஒரு சுவர் பாழாயிற்று, ஆகவே மெதுவாக, மூச்சை விட்டுக்கொண்டே இழு, இழுத்துவிட்டு ஊது, தூள் மேஜை விரிப்பில் மாவு மாதிரி சேர்கிறது, மணி ஒன்றே முக்கால், நாலு மணிக்கு பிலோமினா வருவாள், அதற்குள் இந்தக் கடைசிச் சுவரை அறுத்து ஒட்டித் தேய்த்துச் சக்கரம் மாட்டிவிட வேண்டும், பெயின்ட் வேண்டாம் என்று வெற்றிச்செல்வன் சொல்லிவிட்டார், பெயின்ட் நாங்களே அடிச்சுக்கறோம் சார், ட்ரெயினிங் பசங்களுக்கும் ஒரு வேலை ஆச்சு என்றார், அவருக்குப் பொம்மை வேகன் கைக்கு வந்தால் போதும், ஒரு மாதமாக நான் சாக்குச் சொல்லிக்கொண்டே வருகிறேன், கண் வலி என்றேன், பசை தீர்ந்துவிட்டது என்றேன், உண்மையில் பசை மூன்று பாட்டில் இருக்கிறது. மேலே திறந்த நம் ஊர் பாக்ஸ் வேகனுக்கு எந்தக் கம்பெனியும் பொம்மைக் கிட் போடுவதில்லை. வெளிநாட்டு ஓப்பன் வேகன்தான் கிடைக்கிறது, அது நீளம் அதிகம், உயரம் குறைவு, நம்முடையது நீளம் குறைவு, உயரம் அதிகம். நிஜ வேகனில் எண்பத்தேழில் ஒரு பங்கு என்று கணக்குப் போட்டு, ஒரு கிட்டை நடுவில் அறுத்துப் பதினேழு மில்லிமீட்டரை எடுத்தெறிந்து குறுக்கி, இன்னொரு கிட்டின் சுவரைப் பட்டையாகக் கிழித்து முதலாவதின் தலையில் ஏற்றினால் நம்முடைய நிலக்கரி வேகன் வந்துவிடும், இரண்டைக் கொன்று ஒன்று செய்வது என்று ஒருமுறை குமுதவல்லியிடம் வேடிக்கையாகச் சொன்னேன், அவள் சிரித்தாள், என் மனைவி எதற்கும் சிரிப்பாள், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ரிட்டயராகி ஆறு வருடம், டேங்கர் செய்தேன், பிரேக் வேன் செய்தேன், பழைய மரப்பெட்டி வேகன்கூடச் செய்தேன், பாக்ஸ் வேகனை மட்டும் இவர் கேட்கும்வரை செய்ததில்லை, ஏன் செய்யவில்லை என்று யாரும் கேட்டதுமில்லை, கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன், கிட் கிடைக்கவில்லை என்று சொல்லியிருப்பேன், எனக்குப் பொய் நன்றாக வரும்.

இழு. ஊது. ரயில்வே ட்ரெயினிங் ஸ்கூலில் புதிதாக வரும் ஃபிட்டர்களுக்குப் பாதுகாப்புப் பாடம் எடுப்பவர் வெற்றிச்செல்வன், நல்ல மனுஷன், முப்பத்தைந்து வயது இருக்கும், போன் பண்ணிச் சொன்னார், சார், போர்டுல எழுதிப் போட்டா பசங்க தூங்கறானுங்க சார், கண்ணுக்கு முன்னாடி காட்டினாத்தான் பதியும், தண்டவாளம் ரெடி, எஞ்சின் ரெடி, ரெண்டு பாக்ஸ் வேகன் நீங்க செஞ்சு குடுங்க, நடுவுல ஒரு ஆள் பொம்மைய நிக்க வச்சு, கொடி வைக்காம உள்ள போனா என்ன ஆகும்னு எஞ்சின தள்ளிக் காட்டப் போறேன், நம்ம மரியசூசை கேஸ்தான் சார், அன்னிக்கு டியூட்டில இருந்த எக்ஸாமினரே நீங்கதானே, உங்களுக்குத் தெரியாததா. தெரியாததா. முதல் வேகனைப் போன மாதம் கொடுத்துவிட்டேன், இது இரண்டாவது, இது போய்ச் சேர்ந்துவிட்டால் அந்த இடம் முழுமையாகிவிடும், நடுவே ஒரு ஆள், கொடி இல்லை. வருடத்துக்கு நாலு பேட்ச், பேட்ச்சுக்கு முப்பது பையன்கள், ஒவ்வொருவனும் மரியசூசை என்ற ஃபிட்டர் சிவப்புக் கொடி வைக்க மறந்து இரண்டு வேகன்களுக்கு நடுவே போய்ச் செத்தான் என்று கற்றுக்கொண்டு வெளியே போவான். இப்போதும் அப்படித்தான் கற்றுக்கொள்கிறான், வாயால் சொல்கிறார்கள், இனிமேல் பொம்மை வைத்துச் சொல்வார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தப் பாடம் நடக்கிற வகுப்புக்கு டீ கொண்டுபோய் வைப்பவள் பிலோமினா, மரியசூசையின் மனைவி, அவன் செத்த எட்டாவது மாதம் அவளுக்கு அந்த ஸ்கூலில் பியூன் வேலை கிடைத்தது, நான்தான் டிவிஷன் ஆபீசுக்கும் யூனியன் ஆபீசுக்கும் அலைந்து வாங்கிக் கொடுத்தேன், வகுப்பில் கணவனின் பெயர் வரும்போது அவள் டம்ளர்களை வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவாளாம், முதல் இரண்டு வருடம் அப்படி, பிறகு பழகிவிட்டதாம், இப்போதெல்லாம் நின்று கேட்கிறாள் என்று வெற்றிச்செல்வனே சொன்னார். இந்த வேகனை எடுத்துக்கொண்டுபோக அவளையே அனுப்புகிறேன் என்றும் சொன்னார், பிலோமினாம்மாவ நாலு மணிக்கு அனுப்பறேன் சார், அவங்க வீடும் அந்தப் பக்கந்தானே. அந்த மனிதருக்கு உறுத்தவில்லை. ஏன் உறுத்தும், இருபத்திரண்டு வருடமாக எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயம், எழுதிக் கையெழுத்தும் போட்ட விஷயம், கையெழுத்து என்னுடையது.

சுவர் வந்துவிட்டது. கையில் எடுத்தால் வெற்றிலை கனம்கூட இல்லை. அறுத்த ஓரத்தை அரத்தால் மூன்று தேய்ப்பு, வெளிச்சத்தில் பிடித்துப் பார், நேராக இருக்கிறதா, இருக்கிறது, என் கை இன்னும் நடுங்குவதில்லை, நடுங்கியிருக்க வேண்டிய கை. அன்றைக்கும் நடுங்கவில்லை. மார்ச் மாதம், காலை பத்தே முக்கால், யார்டில் ஆறாவது லைனில் ஐம்பத்தெட்டு வேகன் கோத்த காலி வண்டி, நடுவில் ஒரு வேகனில் காற்றுக் குழாய் கிழிந்து பிரேக் பிடிக்கவில்லை, வண்டியை அந்த இடத்தில் பிரித்து நாலு அடி இடைவெளி விட்டு மரியசூசை உள்ளே இறங்கினான், இறங்குவதற்கு முன்னால் எஞ்சின் பக்கம் நடந்துபோய் தண்டவாளத்தின் நடுவே சிவப்புக் கொடியை நட்டான், நான் பார்த்தேன், அவன் கொடி நடுவதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன், கம்பியை ஜல்லியில் சொருகிவிட்டு ஒரு கல்லை எடுத்து அண்டக் கொடுத்தான், காற்றுக்குச் சாயக் கூடாதென்று. கொடி நிற்கும்வரை எஞ்சின் நகரக் கூடாது, கொடி வைத்தவன்தான் கொடியை எடுக்க வேண்டும், வேறு எவன் கையும் படக் கூடாது, இது சட்டம், வேகன்களைச் சோதித்து அனுப்பும் எக்ஸாமினராக நானே எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்த சட்டம். கன்ட்ரோலிலிருந்து போன் மேல் போன், லைனக் காலி பண்ணுய்யா, பின்னால எக்ஸ்பிரஸ் நிக்குது, இன்னும் எவ்வளவு நேரம், ஆச்சா, ஆச்சா, அந்தக் குரல் இப்போதும் சில சமயம் குழாயில் தண்ணீர் வரும்போது கேட்கிறது, ஆச்சா. வெளியே வந்து பார்த்தேன். நீலச் சட்டை, தோளில் ஸ்பேனர் பை, பம்ப் அறைப் பக்கம் ஒரு ஆள் நடந்துபோய்க்கொண்டிருந்தான், முதுகுதான் தெரிந்தது, மரியசூசை வேலையை முடித்துவிட்டுக் கை கழுவப் போகிறான் என்று நினைத்தேன். கூப்பிட்டிருக்கலாம். ஏய் மரியசூசை என்று ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் அந்த நீலச் சட்டை திரும்பியிருக்காது, வேகனுக்கு நடுவிலிருந்து என்ன சார் என்று ஒரு குரல் வந்திருக்கும், அவ்வளவுதான், அன்றைக்கு மத்தியானம் எல்லோரும் சாப்பாட்டுக்குப் போயிருப்போம். கூப்பிடவில்லை. கல்லைக் காலால் தள்ளிவிட்டுக் கொடியைப் பிடுங்கிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பச்சைக் கொடியைக் காட்டினேன், எஞ்சின் தள்ளியது.

"என்னங்க, தூங்கலையா இன்னிக்கு?"

குமுதவல்லி எழுந்துவிட்டாள். பகல் தூக்கம் கன்னத்தில் பாயின் வரியாக இருக்கிறது.

"இல்ல, இத முடிக்கணும். நாலு மணிக்கு ஆள் வருது."

"யாரு வர்றா?"

"பிலோமினா."

"ஐயோ, அவளா? அப்ப கொஞ்சம் ரவா கேசரி கிண்டறேன். போன கிறிஸ்துமஸுக்குக்கூட எவ்வளவு பெரிய தட்டு அனுப்பிச்சா. பாவம், ஒத்தப் பொம்பளையா நின்னு அந்தப் பொண்ண நர்சிங் படிக்க வச்சுட்டா பாத்தீங்களா. உங்களப் பத்தி எங்க பாத்தாலும் சொல்லுவா, சார் இல்லன்னா நாங்க தெருவுலதான்னு."

"கேசரியெல்லாம் வேணாம்."

"ஏன் வேணாம்? வந்தா வெறும் வாயோட அனுப்புவாங்களா?"

அடுக்களையில் வாணலி சத்தம். பசை பாட்டிலைத் திறக்கிறேன், இது பசையே இல்லை, தண்ணீர் போல ஒரு திரவம், பிரஷ்ஷில் ஒரு சொட்டு எடுத்து இடுக்கின் ஓரத்தில் வைத்தால் தானே உள்ளே ஓடிவிடும், ஓடிப்போய் இரண்டு பக்கப் பிளாஸ்டிக்கையும் கரைத்து ஒன்றாக்கிவிடும், ஒட்டுவதில்லை, கரைப்பது, காய்ந்த பிறகு இது தனி அது தனி என்று பிரிக்க முடியாது, பிரிக்கப் போனால் வேறு இடத்தில் உடையும். மூக்கில் ஏறுகிறது அந்த வாசனை, தலை லேசாகச் சுற்றுகிறது, ஜன்னலைத் திற. சார் இல்லன்னா நாங்க தெருவுலதான். ஒவ்வொரு வருடமும் டிசம்பர் இருபத்தைந்து, மரியசூசையின் மகள் ரெஜினா தட்டைத் தூக்கிக்கொண்டு வருவாள், ஐந்து வயதில் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தாள், போன வருடம் ஸ்கூட்டியில் வந்தாள், முறுக்கு, அதிரசம், கேக், ஒரு வாழைப்பழச் சீப்பு, எல்லாவற்றையும் நான் சாப்பிட்டிருக்கிறேன், இருபத்திரண்டு வருடமாகச் சாப்பிட்டிருக்கிறேன், ஒரு முறைகூட எனக்கு வாந்தி வந்ததில்லை. வந்திருந்தால் என்னைப் பற்றி எனக்குக் கொஞ்சம் மரியாதை இருந்திருக்கும்.

ஒட்டியாயிற்று. இப்போது சக்கரம், இரண்டு பக்கமும் கப்ளிங். இந்தச் சின்னக் கப்ளிங்கும் நிஜக் கப்ளிங் மாதிரியேதான், முட்டி மடக்கின விரல் போல ஒரு கொக்கி, எதிரே இன்னொன்று வந்து முட்டினால் இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், உள்ளே தலைமயிர் மாதிரி ஒரு ஸ்பிரிங். பரிசோதிக்க அலமாரியிலிருந்து டேங்கரை எடுத்து மேஜைத் தண்டவாளத்தில் வைத்து மெல்லத் தள்ளுகிறேன், டிக் என்றது. அந்தச் சத்தம் இல்லை அது, அந்தச் சத்தம் எப்படி இருக்கும், இரும்பும் இரும்பும் மோதினால் யார்டு முழுக்கக் கேட்கும், அன்றைக்கு மோதின சத்தமே வரவில்லை, வர வேண்டிய சத்தம் வராததால்தான் எனக்குத் தெரிந்தது. ஓடினேன். நின்றுகொண்டிருந்தான். இரண்டு கப்ளிங்குக்கும் நடுவே இடுப்பு, முகம் எஞ்சின் இருந்த பக்கம், ஒரு கை கப்ளிங் மேல், பஸ்ஸுக்காகக் கம்பத்தில் சாய்ந்து நிற்கிறவன் மாதிரி நின்றான், கத்தவில்லை, என்னைப் பார்த்து, சார், வண்டி இடிச்சிருச்சு போல என்றான். வலிக்குதா என்று கேட்டேன், எவ்வளவு முட்டாள்தனமான கேள்வி. வலிக்கல சார், கால்தான் எங்க இருக்குன்னு தெரியல. ரயில்வே ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் வர இருபது நிமிடம் ஆனது, வயதானவர், அவனுக்கு ஊசி போட்டுவிட்டு என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார், வண்டிய பிரிச்சா ரெண்டு நிமிஷம் தாங்காதுய்யா, அந்த இரும்புதான் ரத்தத்தைப் பிடிச்சு வச்சிருக்கு, பிரிக்காம விடவும் முடியாது, நீ சொல்லு எப்பப் பிரிக்கறதுன்னு. என்னைச் சொல்லச் சொன்னார். முப்பத்தைந்து நிமிடம். மரியசூசை தண்ணீர் கேட்டான், கொடுத்தேன், நெற்றியில் வேர்வை அரும்பியது, துடைத்தேன், ஏதேதோ பேசினான், நான் பதில் சொன்னேன், ஒன்று கேட்டான், அதற்கும் பதில் சொன்னேன், அந்தப் பதிலை. சக்கரத்தைப் பார். சக்கரம் தாராளமாகச் சுற்றுகிறதா, ஒரு பக்கம் உரசுகிறது, அச்சில் பிளாஸ்டிக் பிசிறு, பிளேடு நுனியால் எடு. பன்னிரண்டு ஆக ஐந்து நிமிடம் இருக்கும்போது கையைக் காட்டினேன், எஞ்சின் பின்னால் போனது, டாக்டர் சொன்னது சரி.

விரலில் பிளேடு பட்டுவிட்டது. சின்னக் கீறல்தான், சப்பினால் நின்றுவிடும், உப்பு. கொடி அப்போதும் என் கக்கத்தில்தான் இருந்தது, முப்பத்தைந்து நிமிடமும் அங்கேயே இருந்தது, அவனுக்குத் தண்ணீர் கொடுத்தபோதும், யாரும் பார்க்கவில்லை, எல்லோரும் அவனைத்தான் பார்த்தார்கள். பிறகு அதைச் சாக்கடை வாய்க்காலில் போட்டேன். விசாரணையில் எஞ்சின் டிரைவர், எக்ஸாமினர் பச்சை காட்டினார், சிவப்பு எதுவும் நான் பார்க்கல என்றார், அது சத்தியம், அவர் பார்த்தபோது சிவப்பு இல்லை. என்னைக் கேட்டார்கள், கொடி இருந்ததா. இல்லை. நிச்சயமாக? இல்லை. ஒரு வார்த்தைதான், இரண்டு தடவை சொன்னேன், இரண்டாவது தடவை சுலபமாக இருந்தது. அவன் செத்த அன்றைக்குச் சாயங்காலமே பிலோமினாவின் வீட்டுக்குப் போயிருந்தேன், அவள் அண்ணன்மார் எல்லாம் வாசலில் நின்றார்கள், அவள் என் காலடியில் வந்து உட்கார்ந்து, சார், ரொம்பக் கஷ்டப்பட்டாரா சார் என்றாள், ஒரே நொடிம்மா, அவனுக்கே தெரிஞ்சிருக்காது என்றேன். யார்டில் அவனைச் சுற்றி நின்ற எல்லோருக்கும் அந்த உண்மை தெரியும், டாக்டருக்கு, பாயின்ட்ஸ்மேனுக்கு, போர்ட்டருக்கு, ஆனால் ஒருவரும் அவளிடம் சொல்லவில்லை, அது மட்டும் இரக்கத்தினால் சொன்ன பொய், அதில் என்னோடு எல்லோருக்கும் பங்கு உண்டு. இதில்தான் மாட்டிக்கொள்கிறேன், ஒவ்வொரு தடவையும் இங்கேதான். கொடியைப் பற்றிச் சொன்னால் கேட்பாள், அப்புறம், அப்புறம் என்று கேட்டுக்கொண்டே வருவாள், ஒரே நொடி என்பதையும் அவளிடமிருந்து பிடுங்க வேண்டிவரும், அதனால் சொல்லாமல் இருப்பதுதான் அவளுக்கு நல்லது என்று பத்து வருடம் நினைத்தேன், அதற்குப் பிறகு அப்படி நினைப்பது எனக்குத்தான் நல்லது என்று புரிந்துவிட்டது, புரிந்தும் பன்னிரண்டு வருடம். உப்புத்தாள், நைசான தாள், தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் இணைத்த கோடு மறையும், இணைப்பு தெரியக் கூடாது, தெரிந்தால் இரண்டு வேகனை வெட்டிச் செய்தது என்று பையன்கள் கண்டுபிடித்துவிடுவார்கள், விரலால் தடவினால் தட்டக் கூடாது, கண்ணை மூடிக்கொண்டு தடவுகிறேன், இன்னும் தட்டுகிறது, இன்னும் கொஞ்சம். நான் செத்துப்போனால் என்ன ஆகும். எனக்கு அறுபத்தாறு. அந்த மேஜை மேல் அந்த ஆள் நின்றுகொண்டே இருப்பான், எஞ்சின் தள்ளும், பையன்கள் சிரிப்பார்கள், பொம்மை விழுந்தால் எவனுக்கும் சிரிப்பு வரும், கொடி வைக்காதவன் செத்தான், எழுதிக்கொள்ளுங்கள். அவள் டீ டம்ளர்களோடு நிற்பாள்.

வாசல் கேட் சத்தம். மணி மூன்றே முக்கால்தான், சீக்கிரம் வந்துவிட்டாள்.

"சார், நல்லா இருக்கீங்களா? அக்கா எங்க? என்ன வாசம் இது, கேசரியா?"

பிலோமினா நரைத்துவிட்டாள். நீல பார்டர் வைத்த யூனிஃபார்ம் புடவை, தோளில் ஒரு துணிப்பை, வேகனை வைத்துக்கொள்ளப் பைக்குள் பழைய துண்டு மடித்துக் கொண்டுவந்திருக்கிறாள். உள்ளிருந்து, உக்காரு பிலோமினா, இதோ வர்றேன் என்று குமுதவல்லி குரல் கொடுக்கிறாள். பிலோமினா எதிர் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து மேஜையைப் பார்க்கிறாள்.

"இதுவா சார்? அப்படியே இருக்கே. நெஜ வண்டி மாதிரியே." விரலை நீட்டிக் கப்ளிங்கைத் தொடப் போய்த் தொடாமல் எடுத்துக்கொள்கிறாள். "இதுலதான் சார், இல்ல?"

"ஆமா."

"இன்னிக்குப் புது பேட்சுக்கு அவரோட பாடந்தான். நாலரைக்கு. இது வந்தா இன்னிக்கே வச்சுக் காட்டிரலாம்னு வெற்றிச்செல்வன் சார் சொன்னாரு. ஈரம் காயலன்னாலும் பரவால்லன்னாரு." துணிப்பையை மடியில் வைத்துக்கொள்கிறாள். "கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் சார். இந்தப் பொம்மைய வச்சுப் பாக்கறதுதான் எப்படியோ இருக்கும். ஆனா நாலு பசங்க பொழச்சா நல்லதுதானே. அவரு செஞ்ச தப்பு அதுக்காவது ஆகட்டும்."

அவரு செஞ்ச தப்பு. அவள் அதைக் கோபமில்லாமல் சொன்னாள், வருத்தம்கூட இல்லாமல், சமையலில் உப்பு கூடிவிட்டது என்பது போலச் சொன்னாள், என் வாய் திறக்கிறது, நான் திறக்கவில்லை, தானே திறக்கிறது.

"அவன் தப்பு செய்யல பிலோமினா."

"என்ன சார்?"

"கொடி வச்சான். நான் பாத்தேன். கல்லு வச்சு அண்டக் கொடுத்தான். நான்தான் எடுத்தேன். அவன் வெளிய வந்துட்டான்னு நெனச்சு நான்தான் எடுத்துட்டுப் பச்சை காட்டினேன். விசாரணைல கொடியே இல்லன்னு சொல்லிட்டேன்."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டேயிருக்கிறாள், புரியாத பாஷையில் பேசுகிறவனைப் பார்ப்பது போல, மின்விசிறி சுற்றுகிறது, உப்புத்தாள் தூள் அவள் புடவைப் பக்கம் பறக்கிறது, அழுவாள் என்று நினைத்தேன், அடிப்பாள் என்றுகூட நினைத்தேன், அடித்தால் நன்றாக இருக்கும்.

"ஒரே நொடின்னு சொன்னீங்களே." குரல் மிகவும் மெல்லியதாக வருகிறது. "அதுவும் பொய்யா?"

இங்கேதான், ஒவ்வொரு தடவையும் நான் திரும்பிவிடும் இடம் இதுதான், திரும்ப வழி இல்லை.

"முப்பத்தஞ்சு நிமிஷம் இருந்தான்."

"பேசினாரா?"

"பேசினான்."

"என்ன பேசினாரு?"

"தண்ணி கேட்டான். அன்னிக்குப் பாப்பாவுக்கு ஊசி போடற நாளாமே. ஒரு மணிக்கு வர்றேன்னு சொல்லிட்டு வந்தேன், காத்துக்கிட்டு இருக்க வேணாம், அவளையே கூட்டிட்டுப் போகச் சொல்லுங்கன்னான். உன்னை இங்க கூட்டிட்டு வர வேணாம்னு சொன்னான்."

"மூணு மணி வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தேன்." அவள் எதிர்ச்சுவரைப் பார்த்துச் சொல்கிறாள். "வையிறேன் சார் அவர. வாய்க்கு வந்தபடி வைஞ்சுக்கிட்டே உக்காந்திருக்கேன். அப்பத்தான் ஆளுங்க வர்றாங்க." பிறகு, "அவ்வளவுதானா? வேற ஒண்ணும் கேக்கலையா?"

கேட்டான். யாரிடமும் சொன்னதில்லை, எனக்கே முழுசாகச் சொல்லிக்கொண்டதில்லை, குளிக்கும்போது, சாமி கும்பிடும்போது, ரயில் போகும் சத்தத்தில், பாதி வரைக்கும் வந்து நின்றுவிடும், இப்போது அவள் முகத்துக்கு நேரே முழுதாக வந்து நிற்கிறது.

"கொடி வச்சேனே சார், வச்சேன்லன்னு கேட்டான். ரெண்டு தடவ கேட்டான். அவனுக்கே சந்தேகம் வந்துடுச்சு." என் குரல் எனக்கே எங்கிருந்தோ கேட்கிறது. "இல்ல மரியசூசை, நீ வைக்க மறந்துட்டன்னு சொன்னேன்."

அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றிருக்கிறது, எப்போது நின்றது, குமுதவல்லி கதவருகே நிற்கிறாள், கையில் கேசரித் தட்டு, அவள் முகத்தைப் பார்க்க வேண்டாம், பார்க்காதே. பிலோமினாவின் மார்பு ஏறி இறங்குவது தெரிகிறது.

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"மன்னிச்சுக்குங்க சார்னான்."

அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை இல்லை, மூச்சு எதிலோ தட்டி நின்றது போல ஒரு சத்தம். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள், கண் சிவந்துவிட்டது, ஆனால் தண்ணீர் விழவில்லை. தட்டை எங்கேயோ வைத்துவிட்டு தன் தோளைத் தொட வந்த குமுதவல்லியின் கையை விலக்கிவிடுகிறாள், கோபமாக இல்லை, ஈயை ஓட்டுவது போல.

"தொடாதீங்கக்கா. இப்ப வேணாம்."

"பிலோமினா, நான் எழுதிக் குடுத்துடறேன்," என்கிறேன். "டிவிஷன் ஆபீசுக்கு. எல்லாத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடறேன்."

"எழுதுவீங்க. அத ஒரு ஃபைல்ல வச்சுக் கட்டிருவாங்க. அதுக்கும் நான்தான் டீ கொண்டு போகணும்." எழுந்து நிற்கிறாள். பையிலிருந்த துண்டை எடுத்து என் மேஜை மேல் வைக்கிறாள். "வாயால சொல்லுங்க. நாலரைக்குக் கிளாஸ். முப்பது பசங்க இருப்பாங்க. என் பொண்ணுக்கும் போன் பண்றேன், ஆஸ்பத்திரியிலேருந்து நேரா வந்துருவா. இப்ப என்கிட்ட சொன்னீங்களே, அப்படியே சொல்லுங்க. கடைசியா சொன்னதையும்."

"இன்னிக்கேவா?"

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். சட்டை மாட்ட வேண்டும், எது, கொக்கியில் தொங்குவது போதும், பொத்தான் ஒன்று போட்டால் ஒன்று தவறுகிறது, குமுதவல்லி வந்து போட்டுவிடுவாள் என்று ஒரு கணம் நின்றேன், நாற்பது வருடப் பழக்கம், அவள் வரவில்லை. சுவரில் கை ஊன்றிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நிற்கிறாள். நானே போட்டுக்கொண்டேன். பசை ஈரம் காயாத வேகனைத் துண்டில் சுற்றி பிலோமினாவிடம் நீட்டினேன், அவள் கையை நீட்டவில்லை.

"அத நீங்க தூக்கிட்டு வாங்க. நான் தொட மாட்டேன்."

வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை, தெரு வெள்ளையாக இருக்கிறது, ஸ்கூல் இங்கிருந்து பத்து நிமிட நடை, சந்தைத் தெரு, ரயில்வே கேட், கேட்டைத் தாண்டினால் மஞ்சள் சுவர், முப்பது முகம், எல்லாம் ரெஜினாவைவிடச் சின்ன முகங்கள், என்ன சொல்லி ஆரம்பிப்பது, என் பெயர் ரங்கமன்னார் என்றா, நான் இங்கே எக்ஸாமினராக இருந்தேன் என்றா, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது, தண்ணீர் குடித்துவிட்டு வந்திருக்கலாம். கேட்டுக்கு வெளியே அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றேன், பழக்கம். அவள் நகரவில்லை.

"நீங்க முன்னாடி போங்க."

"பரவால்ல, நீ..."

"போங்க சார். நான் பின்னாடி வர்றேன்."

நடக்கிறேன். சந்தைத் தெருவில் யாரோ வணக்கம் சார் என்றார்கள், தலையை ஆட்டினேன் என்று நினைக்கிறேன். பின்னால் அவள் செருப்புச் சத்தம் வருகிறது, நான் வேகமாக நடந்தால் வேகமாக, நின்றால் நின்று, மூன்று அடி தள்ளி, அதற்கு மேல் கூடாமலும் குறையாமலும்.